32 இன்ச் டிவியை மானிட்டராக வைத்து அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கலாமா? எழுத்து ஏன் மங்குகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை, வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். நாள் முழுக்க டேலி, எக்செல். 14 இன்ச் லேப்டாப்பில் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தும் கண்ணும் வலிக்கிறது. ஹாலில் ஐந்தாறு வருடப் பழைய 32 இன்ச் எல்இடி டிவி சும்மா இருக்கிறது. எச்டிஎம்ஐ வயர் போட்டு இணைத்துப் பார்த்தீர்கள். படம் வந்தது, ஆனால் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டிருந்தது, எழுத்து மங்கலாக இருந்தது, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. சரிசெய்ய முடியுமா, கண் கெட்டுவிடுமா, பேசாமல் மானிட்டரே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிவியை லேப்டாப்போடு இணைக்க முடியுமா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை, அதைச் செய்தே பார்த்துவிட்டீர்கள். எட்டடி தள்ளி உட்கார்ந்து படம் பார்ப்பதற்காகச் செய்த பெட்டியில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் எண்களைப் படிக்க முடியுமா என்பதுதான் விஷயம்.

திருப்பூரில் இருபது வருடத்துக்கு மேலாக டிவி, கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பிக்சர் டியூப் காலத்தில் தொடங்கி இப்போது பனியன் கம்பெனி அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுப்பது வரை வந்திருக்கிறேன். டிவியை மானிட்டராக மாற்றித் தரச் சொல்லி நிறையப் பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஓரம் வெட்டுப்படுவதும் வெள்ளைக் கோடும் பத்து நிமிடத்தில் போய்விடும், ஒரு பைசா செலவில்லை. மங்கல் மட்டும் ஓரளவு குறையும். எவ்வளவு குறையும் என்பது டிவிக்குள் இருக்கும் பேனலில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. செட்டிங்ஸில் என்ன செய்தாலும் புள்ளியைக் கூட்ட முடியாது.

மானிட்டர், டிவி இரண்டின் கண்ணாடிப் பேனலும் ஒரே வகைத் தொழில்நுட்பம்தான். அதன் பின்னால் இருக்கும் போர்டுதான் வேறு. மானிட்டரின் போர்டு, கம்ப்யூட்டர் எந்தப் புள்ளியை எந்த நிறத்தில் அனுப்புகிறதோ அதை அப்படியே காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். டிவியின் போர்டு அப்படி இருக்காது. கேபிளில் வரும் சுமாரான படத்தையும் அழகாகக் காட்டுவது அதன் வேலை. அதனால் வருகிற எல்லாப் படத்தையும் கொஞ்சம் பெரிதாக்கும், ஓரங்களை எடுப்பாக்கும், நிறத்தைத் தூக்கும், அசைவை மென்மையாக்கும். கிரிக்கெட்டுக்கு இதெல்லாம் நல்லது. எக்செல்லில் எட்டும் மூன்றும் ஒரே மாதிரித் தெரிவதற்குக் காரணமும் இதே வேலைகள்தான். ஆகவே டிவியை மானிட்டராக்குவது என்றால், அது செய்யும் இந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடி அணைப்பது என்று அர்த்தம்.

முதலில் ஓரம் வெட்டுப்படுவது. பிக்சர் டியூப் டிவி இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் படம் நாலா பக்கமும் சுருங்கி, சுற்றிலும் கறுப்பு ஓரம் தெரியும். டியூபில் படத்தின் அளவு நிலையாக நிற்காது. அதனால் படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாக வரையும்படி டிவியை அமைத்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் திரைக்கு வெளியே போய் மறைந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். டியூப் போய் எல்சிடி வந்தபிறகு இதற்குத் தேவையே இல்லை. இருந்தாலும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. இன்றும் பல டிவிகள் எச்டிஎம்ஐயில் வரும் படத்தைச் சில சதவீதம் பெரிதாக்கித்தான் காட்டுகின்றன. டாஸ்க்பார் வெட்டுப்படுவது இதனால்தான். எழுத்து மங்குவதற்கும் இதில் பாதிப் பங்கு உண்டு: பெரிதாக்கும்போது ஒரு புள்ளி ஒன்றேகால் புள்ளியாக முடியாதில்லையா, பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். ரிமோட்டில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்துக்குப் போங்கள். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன், சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவில் ஃபுல் பிக்சல், ஷார்ப்பில் டாட் பை டாட் என்று இருக்கும். மற்ற கம்பெனிகளில் ஓவர்ஸ்கேன் ஆஃப் என்றே இருக்கலாம். இதை டிவியில்தான் செய்ய வேண்டும். லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் படத்தைச் சுருக்கியும் டாஸ்க்பாரைக் கொண்டுவரலாம், ஆனால் லேப்டாப் சுருக்க, டிவி பெருக்க, எழுத்து இரண்டு முறை கலங்கும்.

அடுத்தது வெள்ளைக் கோடு. இது ஷார்ப்னஸ் செய்யும் வேலை. கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடத்தில், கறுப்புக்குப் பக்கத்தில் இன்னும் வெளுப்பாக ஒரு கோடு போட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் படம் கூர்மையாகத் தோன்றும். கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஒளிவட்டத்தோடு நிற்கும். ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கோடு லேசாகத் தலைகாட்டும் இடத்திலிருந்து ஒரு படி பின்னால் வந்து நிறுத்துங்கள். பல டிவிகளில் அது பூஜ்யத்திலேயே அல்லது அதை ஒட்டியே நிற்கும். சோனி பிராவியா வகைகளில் மட்டும் பெரும்பாலும் 50 என்பதுதான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் மழுங்கும். கூடவே நாய்ஸ் ரிடக்ஷன், டைனமிக் கான்ட்ராஸ்ட், எகோ அல்லது எனர்ஜி சேவிங், மோஷன் ஸ்மூத்திங் ஆகிய எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட் இருந்தால், கறுப்பான ஒரு ஜன்னலிலிருந்து வெள்ளை எக்செல் ஷீட்டுக்குத் தாவும்போதெல்லாம் திரையின் வெளிச்சம் ஏறி இறங்கும். கண் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியமான காரணம், பலர் இதைக் கவனிப்பதில்லை.

இப்போது புள்ளிக் கணக்கு. உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஐந்தாறு வருடத்துக்கு முன் இங்கே விற்ற 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை எச்டி ரெடி, அதாவது குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளி. மொத்தம் சுமார் 10.5 லட்சம். தங்கையின் லேப்டாப் ஃபுல் எச்டியாக இருந்தால் அதில் 1920க்கு 1080, அதாவது 20.7 லட்சம் புள்ளி. டிவியின் பரப்பு லேப்டாப்பைவிட ஐந்து மடங்கு, புள்ளிகளோ பாதி! லேப்டாப்பில் ஒரு புள்ளி 0.16 மில்லிமீட்டர், சாதாரண 24 இன்ச் மானிட்டரில் 0.28, எச்டி ரெடி 32 இன்ச் டிவியில் 0.52. அரை மில்லிமீட்டர் என்பது ஸ்கேலில் பாதிக் கோடு. ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகளைக் கண்ணால் எண்ணலாம்.

தமிழ் எழுத்தில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒரு தமிழ் செய்தித் தளத்தைத் திறந்து சின்ன எழுத்தில் வைத்துப் பாருங்கள். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கு அந்தத் திரையில் கிடைப்பது ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு. கொஞ்சம் கலங்கினாலும் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். ‘ண’வும் ‘ன’வும் சுழி எண்ணிக்கையில் மட்டும் வேறுபடுகின்றன, அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் எந்த டிவியைச் சோதித்தாலும் முதலில் தமிழ்ப் பக்கத்தைத்தான் திறப்பேன். ஆங்கிலத்தில் பரவாயில்லை என்று தோன்றும் திரைகூடத் தமிழில் உண்மையைக் காட்டிவிடும்.

தூரத்தை மாற்றினால் கணக்கு மாறும். 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரை 60 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கும் கூர்மை வேண்டுமானால், 32 இன்ச் ஃபுல் எச்டி டிவியை 80 சென்டிமீட்டரில் வைக்க வேண்டும். 32 இன்ச் எச்டி ரெடியை 113 சென்டிமீட்டரில், ஏறத்தாழ மூன்றே முக்கால் அடியில் வைக்க வேண்டும். அவ்வளவு தள்ளி வைத்தால் எழுத்து கூர்மையாகத்தான் தெரியும், இடம்தான் பற்றாது. நெடுக்கே 768 புள்ளிதான் இருப்பதால் எக்செல்லில் 25 வரி அளவுக்குத்தான் ஒரே பார்வையில் வரும். லேப்டாப்பில் நூறு சதவீத அளவில் வைத்தால் 1080 நெடுக்கில் வருவதைவிடக் குறைவு. பெரிய திரை வாங்கினால் அதிக வரிகள் தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், வரிகளைக் கூட்டுவது இன்ச் அல்ல, புள்ளிதான். இதே காரணத்தால் 43 இன்ச் 4கே டிவி இந்த வேலைக்கு மிக நன்றாக உழைக்கிறது: அதன் புள்ளி 0.25 மில்லிமீட்டர், 24 இன்ச் மானிட்டரைவிடப் பொடி. நான்கு 21.5 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டர்களை நடுவில் கோடில்லாமல் ஒட்டி வைத்த மாதிரி.

உங்கள் டிவி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பின்புற ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைத் தேடினால் ரெசல்யூஷன் கிடைக்கும். விண்டோஸ் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எச்டி ரெடி டிவிகளும் 1080 சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதால், பேனலில் 768தான் இருந்தாலும் விண்டோஸ் 1920க்கு 1080 என்பதைப் பரிந்துரை என்று காட்டக்கூடும். அங்கேதான் மங்கல் தொடங்குகிறது: 1920 புள்ளியை 1366க்குள் திணிக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் நசுங்கும். நான் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. பெயின்ட்டில் ஒரு புள்ளி அகலக் கறுப்புக் கோடு, ஒரு புள்ளி வெள்ளை, மறுபடி கறுப்பு என்று உள்ளங்கை அளவுக்குக் கோடு போட்டு, நூறு சதவீத அளவில் டிவியில் திறந்து பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி நேராகப் போகிறதென்றால் கோடுகள் சீப்புப் பல் மாதிரி ஒரே சீராக இருக்கும். டிவி ஏதாவது சுருக்கி விரிக்கிறதென்றால், கோடுகளுக்கு நடுவே சாம்பல் பட்டைகள் அலை அலையாகத் தெரியும். ஓவர்ஸ்கேனை அணைப்பதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் அப்படியே கண்ணில் படும்.

எச்டி ரெடி என்று உறுதியானால், டிஸ்ப்ளே செட்டிங்கில் 1366க்கு 768 அல்லது 1360க்கு 768 இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதை வையுங்கள். சில டிவிகள் எச்டிஎம்ஐ வழியாக 720ஐயும் 1080ஐயும் தவிர வேறெதையும் ஏற்காது. அந்த டிவியின் பின்னால் பிசி இன் என்று போட்ட நீல விஜிஏ சாக்கெட் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன கன்வெர்ட்டர் வாங்கி அதன் வழியாகக் கொடுத்துப் பாருங்கள். விஜிஏ பழைய முறைதான், ஆனால் அந்த வழியில் 1360க்கு 768ஐ அப்படியே வாங்கிக்கொள்ளும் டிவிகள் நிறைய. அப்புறம் இன்னொன்று: விண்டோஸ் கீயையும் பியையும் சேர்த்து அழுத்தி, டூப்ளிகேட் என்பதை விட்டு எக்ஸ்டென்டுக்கு மாறுங்கள். டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு ரெசல்யூஷனைத்தான் விண்டோஸ் வைக்கும். எக்ஸ்டென்டில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவு.

கணக்கு எழுதுபவர் என்பதால் நிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். எக்செல்லில் நெகட்டிவ் தொகையைச் சிவப்பில் காட்டும்படி வைத்திருப்பார்கள். கறுப்பு எண்கள் தெளிவாகவும் சிவப்பு எண்கள் மட்டும் பிசிறடித்தும் தெரிந்தால், டிவி நிறத்தைச் சிக்கனம் செய்கிறது என்று அர்த்தம். வீடியோவில் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் இரண்டு புள்ளிக்கு ஒன்று, நான்கு புள்ளிக்கு ஒன்று என்று பகிர்ந்துவிடுவார்கள். 4:2:2, 4:2:0 என்று எழுதுவது இதைத்தான். நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்பதால் சினிமாவில் இது தெரியாது. எழுத்துக்கு முழுசாக 4:4:4 வேண்டும். இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1982இல் வந்த கமோடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இரண்டும் வீட்டு டிவியைத்தான் திரையாகப் பயன்படுத்தின. ஒன்றில் ஒரு வரிக்கு 40 எழுத்து, மற்றதில் 32. டிவி சிக்னலில் நிறத்துக்கு ஒதுக்கிய இடம் குறைவு, அதற்குமேல் எழுத்தைப் பொடியாக்கினால் வண்ணம் வழிந்து படிக்க முடியாமல் போகும். சிவப்பு எண் பிசிறும்போது அதே பழைய கதையைத்தான் பார்க்கிறீர்கள்.

இதைச் சரிசெய்யும் வழி பல டிவிகளில் ஒளிந்திருக்கிறது. எந்த எச்டிஎம்ஐயில் லேப்டாப் இருக்கிறதோ அந்த இன்புட்டின் பெயரை பிசி என்று மாற்ற வேண்டும். சாம்சங், எல்ஜி இரண்டிலும் அந்தப் பெயர் வெறும் லேபிள் அல்ல, பிசி என்று வைத்தவுடன் டிவி தன் திருத்தங்களில் பலவற்றை நிறுத்திவிட்டு நிறத்தையும் முழுசாகக் காட்டும். சோனியில் கிராஃபிக்ஸ் என்ற பிக்சர் மோட் இருக்கிறது. போன வருடம் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில், சைஸ் சார்ட்டில் சிவப்பு எண்கள் தெரியவில்லை என்று புது வயர், புது லேப்டாப் வரை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். இன்புட் பெயரை மாற்றினோம், அவ்வளவுதான். அந்த மேஜையில் இருந்த பெண் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒரு சிவப்பு ஆறை உற்றுப் பார்த்துவிட்டு, “இது ஆறாண்ணா, நான் இவ்வளவு நாளா எட்டுன்னு நினைச்சேன்” என்றார். எனக்கு அது இன்னும் மனதில் இருக்கிறது. பார்ப்பதற்கு வசதி என்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது, தொகையே மாறிப்போகும்.

கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தாலோ, அடர் நிறங்கள் எல்லாம் கறுப்பில் முங்கிப்போனாலோ, லேப்டாப்பும் டிவியும் வேறு வேறு அளவுகோலில் பேசுகின்றன. கம்ப்யூட்டர் கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் வைக்கும், டிவி உலகில் அது 16, 235. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஃபுல், லிமிடெட் என்றும், டிவியில் பிளாக் லெவல் என்றும் இருக்கும். இரண்டையும் ஒத்துப்போகும்படி வைத்தால் போதும்.

4கே டிவி வைத்திருக்கும் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வயரைப் பற்றிச் சுருக்கமாக. எச்டிஎம்ஐ 1.4 சாக்கெட்டில் முழு நிறத்தோடு 4கே போனால் நொடிக்கு 30 படம்தான். மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டு விட்டு ஓடும், அரை மணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடும். 60 வேண்டுமானால் லேப்டாப், வயர், டிவி மூன்றும் 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 அளவுக்காவது இருக்க வேண்டும். டிவியில் அந்த இன்புட்டுக்கு அல்ட்ரா எச்டி டீப் கலர், இன்புட் சிக்னல் பிளஸ், என்ஹான்ஸ்ட் ஃபார்மட் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும் சுவிட்சையும் போட வேண்டும். உங்கள் 32 இன்ச்சுக்கு இந்தக் கவலை இல்லை, சாதாரண வயரே போதும். டைப் செய்தால் எழுத்து கொஞ்சம் பிந்தி வருகிற மாதிரி இருந்தால் கேம் மோடைப் போடுங்கள், டிவி படத்தைத் திருத்த எடுத்துக்கொள்ளும் நேரம் குறையும். வயர் இல்லாமல் காஸ்ட் செய்வது போட்டோ காட்ட நல்லது, டேலியில் என்ட்ரி போட ஒத்துவராது.

இனி கண். நான் கண் டாக்டர் இல்லை, அதனால் நான் சொல்வதை ஒரு எல்லையோடு எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் நீல ஒளியால் கண் நிரந்தரமாகக் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆப்தால்மாலஜி சொல்கிறது. நிஜமாக வருவது கண் சோர்வும் வறட்சியும். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 நொடி பார்க்கச் சொல்வது அதனால்தான். டிவிக்கென்று உள்ள தனிச் சங்கடம் வெளிச்சம். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ஏற்றி வைத்த வெளிச்சம் அது. வெள்ளை எக்செல் ஷீட்டைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளைவிடத் திரை விளக்கு மாதிரி எரிந்தால், இரண்டும் ஒத்துவரும்வரை பேக்லைட்டைக் குறையுங்கள். பேக்லைட் வேறு, பிரைட்னஸ் வேறு. பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் அளவை மாற்றும், விளக்கைக் குறைக்காது.

வெளிச்சத்தைக் குறைத்தபிறகு தலைவலி அதிகமானால், அந்த டிவி விளக்கை வேகமாக அணைத்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் வகையாக இருக்கலாம். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் ஒரே மங்கல் பட்டையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாக, விரல் விரித்த மாதிரி தெரிந்தால் துடிப்பு இருக்கிறது. இது எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஒருவர் அதே திரையில் வருடக்கணக்காக வேலை செய்கிறார், இன்னொருவருக்கு ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கிறது. தங்கைக்கு எப்படி என்பது இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே கண்ணாடி போடுபவராக இருந்தால், பவர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பரிசோதித்துவிடுங்கள். டிவியைச் சுவரில் மாட்டிய உயரத்தில் வைத்தே வேலை செய்யவும் வேண்டாம். திரையின் மேல் ஓரம் கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்து வலி இடம் மாறி வரும், போகாது.

சர்வீஸ்காரனாக ஒரு எச்சரிக்கை. என்னிடம் எச்டிஎம்ஐ போர்ட் போய் வரும் டிவிகளில் பல, கரன்ட் ஓடும்போதே வயரைச் சொருகியவை. லேப்டாப் சார்ஜருக்கும் டிவிக்கும் சரியான எர்த் இல்லாத வீட்டில், இரண்டின் பாடிக்கும் நடுவில் கசிவு வோல்டேஜ் நிற்கும். டிவியின் பின்புறத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்குமே, அதுதான். வயரைச் சொருகும் நொடியில் அது எச்டிஎம்ஐ வழியாகப் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சிப் போய்விடும். அதனால் இரண்டையும் சுவிட்சில் அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, வயரை மாட்டியபிறகு கரன்ட் கொடுங்கள். மானிட்டராக மட்டும் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் கேபிள் வயரையும் டிஷ் வயரையும் டிவியிலிருந்து கழற்றிவிடுங்கள், இடி மின்னல் அந்த வழியாகவும் வரும். இரண்டையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவது நல்லது.

அன்றாடத்தில் வேறு சில தொல்லைகள் உண்டு. லேப்டாப் தூங்கினால் டிவி தானாகத் தூங்கி எழாது, ரிமோட் தேவைப்படும். நான்கு மணி நேரம் ரிமோட்டை யாரும் தொடாவிட்டால் டிவியே அணைந்துபோகும் ஏற்பாடு பலவற்றில் உண்டு, கீபோர்டில் வேலை நடப்பது அதற்குத் தெரியாது. ஆட்டோ பவர் ஆஃப் என்பதைத் தேடி நிறுத்திவிடுங்கள். மின்சாரச் செலவு பெரிய விஷயமில்லை. 32 இன்ச் டிவி 50 வாட் என்றும் மானிட்டர் 20 வாட் என்றும் வைத்துக்கொண்டால், தினம் எட்டு மணி நேர வேலைக்கு இரண்டு மாத பில்லில் 14 யூனிட் போலத்தான் வித்தியாசம் வரும்.

ஆக, உங்கள் வீட்டுக்கு நான் வந்திருந்தால் என்ன செய்வேன்? முதலில் ஓவர்ஸ்கேன், பிசி லேபிள், ஷார்ப்னஸ், பேக்லைட் நான்கையும் சரிசெய்துவிட்டுக் கோடு சோதனையைப் போட்டுப் பார்ப்பேன். டிவி ஃபுல் எச்டியாக இருந்து கோடுகள் சீராக வந்தால், இரண்டே முக்கால் அடி ஆழமுள்ள மேஜையில் வைத்துத் தாராளமாக வேலை செய்யலாம், வேறொன்றும் வாங்க வேண்டாம். எச்டி ரெடியாக இருந்தால், அதைத் தினசரி வேலைக்கு வைக்கச் சொல்ல மாட்டேன். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் பரவாயில்லை, எட்டு மணி நேரம் அரை மில்லிமீட்டர் புள்ளிகளில் எண்களைப் படிப்பது, அதுவும் பிறர் பணக் கணக்கை, நியாயமான வேலைச் சூழல் அல்ல. பத்தாயிரம் ரூபாய்க்குள் 22, 24 இன்ச் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத பேனல் வகை) ஃபுல் எச்டி மானிட்டர் நல்லதாகவே கிடைக்கிறது. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் பழைய மானிட்டர்கள் அதில் பாதி விலைக்கும் கிடைக்கும், வாங்கும்போது அதே கோடு சோதனையையும் பென்சில் சோதனையையும் கடையிலேயே செய்து பாருங்கள். அதற்குக்கூட இப்போது வழியில்லை என்றால், லேப்டாப்பை நான்கு தடிமனான புத்தகங்களின் மேல் ஏற்றி, ஐநூறு ரூபாய்க்குள் ஒரு யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வாங்கிக் கொடுங்கள். கழுத்து வலிக்கு அது நாளைக்கே பலன் தரும்.

டிவியின் பின்னால் இருக்கும் மாடல் எண்ணையும், எச்டிஎம்ஐ சாக்கெட் பக்கத்தில் விஜிஏ இருக்கிறதா என்பதையும் இங்கேயே எழுதுங்கள். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லாமல் டைப்-சி வழியாகக் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், எல்லா டைப்-சி சாக்கெட்டிலும் படம் வராது, எல்லாக் கன்வெர்ட்டரும் எல்லா அளவையும் கொடுக்காது. அதைப் பார்த்துவிட்டு எந்த ரெசல்யூஷனில் வைக்கலாம் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.